பிள்ளையைப் பிடிக்க ஓராள்

பேருந்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பது என் கெட்ட வழக்கம். அன்று அதனால் உதியன்குளங்கரையில் இறங்காமல் பாறசாலை வரை போய்விட்டேன்.

முன்னிருக்கையில் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்த் திரும்பும் இளம் தம்பதி. அவள் மடியில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கியது.

"இண்ணைக்கு நாம ஒண்ணாப் போகவே இல்ல," என்றாள் அவள்.

"மூணு பேரும் ஒண்ணாத்தானே போனோம்?"

"காலேஜ் டூர்ல ராட்டினத்துல எனக்க கையப் பிடிச்சிட்டு கண்ணு தொறக்காம இருந்தீங்கல்லா? இண்ணைக்கு நீங்க கேறினா, நான் பிள்ளையோட தாழ. நான் கேறினா, நீங்க தாழ."

"தாழ நிண்ணு கை காட்டினேனே!"

"கண்டேன். எனக்கு அந்தப் பிடியாக்கும் வேண்டியது."

அவன் பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு அவள் கையைப் பிடித்தான்.

வீட்டில் இதை உருகிச் சொன்னேன்.

"நம்ம மோனைப் பூங்காவுக்குக் கொண்டு போனப்ப நீங்க ரெண்டு தடவை கேறினீங்க," என்றாள் என் மனைவி. "நான் தாழயே நிண்ணேன்."