அதிகப்படியான சொல்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அந்தக் கிறீச் சத்தம் நின்றுவிடும், ஐயா. சின்ன விஷயங்கள்தான் எனக்கு முதலில் உறுத்தும். ஆங்கிலப் பத்திரிகையில் இத்தனை வருடம் தலைப்பு போட்டுப் போட்டு வந்த வியாதி அது.

தலைப்புக்கு இடம் எப்போதும் போதாது. அதனால் 'ஏ', 'ஆன்', 'தி' என்ற பொடிச் சொற்களைத்தான் முதலில் வெட்டுவோம். பாலம் இடிந்தது என்றால் இடிந்ததுதான். ஒரு பாலமா, அந்தப் பாலமா என்ற உபசாரமெல்லாம் கீழே செய்திக்குள் இருக்கட்டும். என்னைப் போல் வெட்டத் தெரிந்தவன் அந்த அலுவலகத்திலேயே இல்லை என்று என் மனைவி பெருமையடித்துக்கொண்ட காலம் உண்டு.

அவள் தம்பி வேலையில்லாமல் இருந்தபோது, ஆசிரியரிடம் பல்லைக் காட்டி அவனை உள்ளே கொண்டுவந்தவன் நான். நல்ல பிள்ளை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். வந்த கொஞ்ச நாளிலேயே, தந்தி பாஷை எதற்கு, பேசுகிற மாதிரி முழு வாக்கியமாகவே தலைப்பு போடலாமே என்று ஆரம்பித்தான். 'தி' இல்லாமல் அவன் பேனா நகராது. வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். ஆசிரியர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் எல்லாத் தலைப்பும் அப்படித்தான், நான் போடுவதையும் அவன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவன் சமாதானமாகத்தான் பேசினான். "கோவிச்சுக்காதீங்க அத்தான். நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதினா நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. ஆனால் அதற்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் அலுவலகத்தில் லிஃப்ட் பழுது. பெட்டியைக் கீழ்த்தளத்தில் நிறுத்திக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எங்கள் மூன்றாம் மாடியில் கம்பிக்கதவின் பூட்டும் கெட்டிருந்தது, தள்ளினாலே திறந்துகொள்ளும். யாராவது விழுந்து தொலைக்கப் போகிறார்களே என்று பயந்து, மச்சினன்தான் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை எழுதிக் கதவில் மாட்டினான். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லி வைத்தான். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே எச்சரிக்கையில் இரண்டு 'தி'. போக வர அது கண்ணில் குத்தியது. மெக்கானிக் ஏதோ சாமான் வாங்க வெளியே போயிருந்த நேரத்தில், சுருக்கி எழுதலாம் என்று அட்டையைக் கழற்றி, லிஃப்டுக்கு எதிரே இருக்கும் என் மேசைக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் கண்டெடுத்தது அதைத்தான். அதில் உள்ள சிவப்புக் கோடுகள் என்னுடையவை. திருத்தி முடிக்க எத்தனை நேரம் பிடிக்கும் என்று கேட்டீர்கள். அரை நிமிடம். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தேன்.

கீழே அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டிய தாள் கட்டுகளைத் தாடை வரை அடுக்கிக்கொண்டு அவன் வந்தான். கதவில் அட்டை இல்லை.

"பரவாயில்லையே, சீக்கிரம் முடிச்சிட்டாங்க" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "கீழ போறேன். உங்களுக்கு ஏதாவது வேணுமா அத்தான்?"

அட்டை என் முழங்கைக்குக் கீழே இருந்தது. வேண்டாம் என்றேன். அவன் தோளால் கதவை ஒதுக்கிக்கொண்டு, கை நிறையச் சுமை இருப்பவர்கள் செய்வதுபோல முதுகுப்பக்கமாக உள்ளே காலை வைத்தான். என்னைப் பார்த்தபடிதான் போனான்.

நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது, ஐயா. அதற்கு மேல் ஒரு சொல்லைச் சேர்ப்பது என் வழக்கமில்லை.