ஆறு பங்கு

— கெட்டிலை எதுக்கு எடுக்கறே, ஹம்தி? அது படகுலயே இருக்கட்டும்.

— பங்கைத்தான் விக்கறேன், இப்திசாம். கெட்டிலை இல்ல. இத்தனை வருஷமா கடல்ல நான் குடிச்ச டீ எல்லாம் இதுல கொதிச்சதுதான். ஷார்ஜாவுக்கு எடுத்துட்டு வரேன்.

— ஷார்ஜாவுல கெட்டில் கிடைக்காதா?

— கிடைக்கும். ஆனா கடைக் கெட்டில்ல போட்டா அது கடை டீ. நீ டூட்டி முடிஞ்சு காலை இழுத்துக்கிட்டு வருவே. நான் இதுல கருக்கக் கொதிக்கவெச்சு, சர்க்கரை மூணு போட்டு, கையில குடுப்பேன்.

— நான் இப்போ சர்க்கரை போட்டுக்கறதில்லை.

— எப்பலேருந்து?

— ரொம்ப நாளாச்சு. கொஞ்சம் உக்காரேன். நான் ஊருக்கு வந்ததுலேருந்து நீ ஒரு நிமிஷம் உக்காரலை.

— அஸர் தொழுகை முடிஞ்சதும் ஹாஜி ஷலபி வந்துடுவார். அதுக்குள்ள என் சாமானை ஒதுக்கணும். இருபத்திநாலு பங்குல பதினெட்டு ஏற்கெனவே அவரோடது. என் ஆறும் போச்சுன்னா முழுப் படகும் அவர் படகு. அப்புறம் இந்தப் பலகையில கால் வெக்கறதுக்கும் அவர்கிட்டதான் கேக்கணும்.

— அதைத்தான் சொல்றேன். கையேந்தி ஃபாத்திஹா ஓதிட்டா யாவாரம் முடிஞ்சது முடிஞ்சதுதான். அப்புறம் மனசு மாறுச்சுன்னு போய் நின்னா தும்யாத் துறைமுகத்துல ஒருத்தனும் உன்கூட யாவாரம் பேச மாட்டான்.

— என் மனசு எதுக்கு மாறணும்? இதோ பாரு. முதல் வருஷம் என்ன சொன்னே? புருஷனை வரவழைக்கணும்னா பொண்டாட்டி இவ்வளவு சம்பளம் வாங்கணும்னு அங்க சட்டத்துல ஒரு கோடு, நமக்கு அது பத்தலை, பொறுத்துக்கோன்னே. பொறுத்தேன். அடுத்த வருஷம், கோடு கிட்டத்துல வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்னே. போன வருஷமும் அதே கொஞ்சம். இந்த வருஷமும் அதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு முடிவு வேணாமா?

— சம்பளம் போடறது நானா? ஆஸ்பத்திரி முதலாளி.

— அவரைக் குத்தம் சொல்லலை. ஷார்ஜாவுல இருக்கற நம்ம ஊர் அஷ்ரஃப்தான் வழி சொல்லிட்டானே. குறையற காசைப் பங்கு வித்த பணத்துலேருந்து முன்னாடியே முதலாளி கையில குடுத்துடணும். அவர் அதை உன் சம்பளத்தோட சேர்த்து மாசாமாசம் பாங்குல போடுவார். நம்ம காசுதான், சம்பளம்னு பேர் வெச்சுக்கிட்டு நம்மகிட்டயே திரும்பி வரும். நடுவுல அவர் தனக்குக் கொஞ்சம் எடுத்துப்பார், எடுத்துக்கட்டும். எனக்கு விசா அடிக்கிற வரைக்கும்தானே.

— அஷ்ரஃப் அங்க டாக்ஸி ஓட்டறான். மாட்டினா அவனுக்கு என்ன? என் நர்ஸ் லைசென்ஸ்தான் போகும்.

— அவன் பொண்டாட்டியை அப்படித்தான் கூட்டிட்டுப் போனான். மாட்டலையே.

— சரி விடு. அந்தச் சம்பளக் கோட்டை இன்னும் மேல ஏத்திட்டாங்கன்னா? படகும் போச்சு, விசாவும் இல்லைன்னு ஆச்சுன்னா?

— நீ ஏன் எப்பவும் ஆகாததையே பேசறே? ஆகும்னு ஒரு தடவை சொல்லேன். வாய் வலிக்குமா?

— அந்த மாத்திரையைத் தினமும் போடறியா? பிரஷருக்கு நான் கொண்டுவந்தது.

— போடறேன். பேச்சை மாத்தாதே.

— மாத்தலை. நீ மூச்சு வாங்கறே, அதான் கேட்டேன். ஹம்தி, எங்க வாப்பா இந்த இடத்துல நின்னது ஞாபகம் இருக்கா? பொண்ணு கேட்டு நீங்க எல்லாரும் வந்துட்டுப் போனதுக்கு மறுநாள்.

— மறப்பேனா. மாப்பிள்ளையைப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டு, என்னை ஏறெடுத்துப் பாக்கலை. இந்தப் படகை வெறிச்சுக்கிட்டு நின்னார். என் ஆறு பங்கு என்ன விலை போகும்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சார். அந்த விலையை அப்படியே பின்மஹர்னு எழுத வெச்சார். இவன் என்னிக்காவது தலாக் சொன்னா அவ்வளவையும் என் பொண்ணு கையில வெச்சுட்டுத்தான் வாசல் தாண்டணும்னு. “பொண்ணை விட்டா படகும் போயிடும் மாப்பிள்ளை”ன்னார்.

— நீ என்ன சொன்னே?

— ரெண்டையும் விட மாட்டேன்னேன். இப்போ பாரு, உன்னைப் பிடிச்சுக்கறதுக்காகப் படகை விடறேன். மனுஷன் உசுரோட இருந்தா சிரிப்பார்.

— சிரிக்க மாட்டார்.

— ஏன், என் மேல அவ்வளவு பாசமா அவருக்கு?

— அங்க வந்து என்ன பண்ணுவே, ஹம்தி?

— அங்கயும் கடல் இருக்குல்ல?

— இருக்கு. ஆனா உன் விசாவுல ஒரு வரி அடிச்சுக் குடுப்பாங்க. மனைவியின் பொறுப்பில் இருப்பவர், வேலை செய்ய அனுமதி இல்லைன்னு. அதை வெச்சுக்கிட்டுப் படகுல ஏற விட மாட்டாங்க.

— ஆறு மாசம் உன் சோத்தைத் தின்னுட்டு உக்காந்திருப்பேன். உன் காசு எனக்குக் கசக்காது. அப்புறம் நம்ம ஊர்க்காரன் எவனாவது ஒருத்தன் வேலை விசா எடுத்துக் குடுக்க மாட்டானா? நான் சும்மா இருக்கலை, இப்திசாம். கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். சமைக்கக் கத்துக்கிட்டேன். மடவை மீனைத் தவிட்டுல புரட்டிச் சுட்டா நம்ம உம்மாவே ஒண்ணும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணுவேன்னு தூரக் கடலுக்குப் போறதையே விட்டேன். கிட்டக் கடல்ல என்ன கிடைக்கும்? நண்டும் வசவும். காபிக் கடையில என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா? பொண்டாட்டி உசுரோட இருக்கற தபுதாரன்னு.

— யார் சொன்னது?

— யார் சொல்லலைன்னு கேளு. உம்மா, வேற பொண்ணு பாக்கவான்னு கேட்டா. அன்னிக்கு அவகிட்ட நான் சத்தம் போட்டது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. என் பொண்டாட்டிக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல, ஒரு கோடுதான் இருக்கு, அதை அழிச்சுட்டுப் போய்ச் சேருவேன்னேன்.

— ஹம்தி, நான் ஒண்ணு சொல்லணும்.

— அங்க வந்து சொல்லு. நாள் முழுக்க வேலை இல்லாம உக்காந்து கேக்கறேன். அந்தப் போட்டோவை ஆணியோட எடு, நம்ம கல்யாணப் போட்டோ. கிழியாம எடு.

— அஸ்ஸலாமு அலைக்கும். நான் படகு வாங்க வந்தேன், இங்க குடித்தனம் நடக்குதே.

— வ அலைக்கும் ஸலாம். வாங்க ஹாஜி ஷலபி. பலகை ஆடுது, பாத்து ஏறுங்க.

— சொல்றதைக் கேளு, தம்பி, ஆடாத பலகையில நான் நடந்ததே இல்ல. இப்திசாம் மகளே, நல்லா இருக்கியா? இளைச்சுட்டே. உன் புருஷன் வந்து ஆக்கிப்போட்டா தேறிடுவே.

— உக்காருங்க ஹாஜி. டீ போடறேன்.

— டீ அப்புறம், மகளே. முதல்ல காரியம். எல்லாரும் நபி மேல ஸலவாத்து சொல்லுங்க.

— அலைஹிஸ் ஸலாத்து வஸ்ஸலாம். ஹாஜி, நாம பேசின விலைதான். குறைக்கவும் வேணாம், கூட்டவும் வேணாம்.

— அதே விலைதான். பணம் இதோ மடியில இருக்கு. உனக்கு ஒண்ணு சொல்லிடறேன் மகளே, நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது. நானாக் கேட்டு வாங்கலை. படகுக்காரன் பங்கை வித்தா கை ஒடிஞ்ச மாதிரிடான்னு இவனுக்கு எவ்வளவோ சொன்னேன். கேக்கலை. என் பொண்டாட்டி அங்க தனியா அழறா ஹாஜின்னான். அப்புறம் நான் என்ன சொல்ல?

— நான் அழறேன்னா சொன்னே, ஹம்தி?

— வேற என்ன பண்ணுவே, தனியா இருந்துக்கிட்டு? ஹாஜி, ஃபாத்திஹாவுக்குக் கையைத் திறங்க. ஆரம்பிக்கலாம்.

— அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். அல்ஹம்து லில்லாஹி…

— ஓதாதீங்க ஹாஜி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஓதாதீங்க.

— என்ன மகளே?

— இப்திசாம், என்ன இது?

— என் சம்பளம் கோட்டைத் தாண்டியாச்சு, ஹம்தி.

— என்ன சொல்றே?

— ஆபரேஷன் தியேட்டருக்கு என்னைத் தலைமை நர்ஸாப் போட்டாங்க. கோட்டுக்கு மேலயே வாங்கறேன். காசு குறையலை. முதலாளிக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். படகை விக்க வேண்டாம்.

— அல்ஹம்துலில்லாஹ். இதைச் சொல்லவா ஹாஜி காலைப் பிடிக்கப் போனே? ஹாஜி, கேட்டீங்களா? பைத்தியக்காரி, இதை நேத்தே சொல்லக் கூடாதா? எப்போ போட்டாங்க?

— போன ரமலானுக்கு முன்னாடி.

— இந்த ரமலான்தானே?

— போன ரமலான். அதுக்கு அடுத்தும் ஒரு ரமலான் போயாச்சு.

— தம்பி, நான் கொஞ்சம் பள்ளிவாசல் பக்கம் போயிட்டு வரேன்.

— இருங்க ஹாஜி. எங்க நிக்காஹ் அன்னிக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் நீங்க. இதையும் கேட்டுட்டுப் போங்க. இப்திசாம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம்தான்னு சொன்னியே. அது?

— பொய்.

— அங்க வேற யாராவது…

— இல்ல. அல்லாஹ் மேல ஆணை, யாரும் இல்ல. அப்படி இருந்தா சொல்றது சுலபம்.

— அப்புறம் என்ன?

— ரக்தாவை உனக்குத் தெரியும்ல, என்கூட வேலை செய்யறவ. அவ புருஷன் கப்பல்ல இன்ஜினியரா இருந்தார். அவளும் இப்படித்தான் சம்பளத்தைக் காட்டிக் கூட்டிட்டு வந்தா. இப்போ அவர் ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கார். சிகரெட்டுக்கு அவகிட்டக் காசு கேக்கணும். கேக்க வெக்கம், அதனால சண்டை. அஞ்சு நிமிஷம் பஸ் தாமதமானா எங்க போனேன்னு கேள்வி. ஒரு நாள் கையும் நீட்டிட்டார். நல்ல மனுஷன், ஹம்தி. எங்க எல்லாரையும் முதல்ல சிரிக்க வெச்சவர்.

— நான் உன் மேல கை வெப்பேனா?

— மாட்டே. ஆனா நீ ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கறதை நான் பாக்கணுமே.

— இது எனக்காகப் பாத்தது. உனக்காக என்ன?

— விடு.

— விட மாட்டேன். சொல்லு. ஹாஜி முன்னாடியே சொல்லு.

— நான் தனியா அழலை. அதுதான். முதல் வருஷம் அழுதேன். அப்புறம் ஒரு நாள் டூட்டி முடிஞ்சு வந்து, கதவைச் சாத்திட்டு, காலை நீட்டி உக்காந்தேன். யாருக்கும் எதுவும் ஆக்கிப்போட வேண்டாம். என்ன சமைச்சேன்னு யாரும் கேக்கலை. சாவி என் கையில இருந்துச்சு. எனக்கு அது பிடிச்சுது, ஹம்தி. பிடிச்சதுக்காக வெக்கப்பட்டேன். அப்போ கோடு ஒண்ணு இருந்துச்சே, நல்லதாப் போச்சுன்னு அது பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

— நாலு வருஷம் அந்தக் கோட்டைத் திட்டினேன். தூக்கத்துல கூடத் திட்டினேன்னு உம்மா சொல்லுவா. அந்த நாட்டுக்காரனைத் திட்டினேன், உன் முதலாளியைத் திட்டினேன். நடுவுல நின்னது நீதானா?

— உன்னை வேண்டாம்னு நான் சொல்லலை.

— தம்பி, சொல்றதைக் கேளு. கோபத்துல ஒண்ணும் பேசாதே. பங்கு உன்கிட்டயே இருக்கட்டும். நான் கையைத் திறக்கவே இல்லைன்னு வெச்சுக்கோ. வீட்டுக்குப் போய் சாப்பிடுங்க ரெண்டு பேரும்.

— எனக்குக் கோபம் இல்ல ஹாஜி. இப்திசாம், என்னைப் பாரு. இப்போ சம்பளம் இருக்கு, வீடு இருக்கு, தடை ஒண்ணும் இல்ல. நான் வரட்டுமா?

— ஹம்தி…

— கேட்டேன். வரட்டுமா?

— நான்தான் வருஷத்துக்கு ஒரு மாசம் வரேனே. இப்படியே இருப்போமே. இங்க நீ உன் படகுல ராஜா மாதிரி இரு. அங்க நான் இருக்கேன். வெள்ளிக்கிழமை பேசுவோம். எத்தனை பேர் இப்படி இல்ல? இதுவும் கல்யாணம்தானே?

— அது லீவு, இப்திசாம்.

— படகை மட்டும் விக்காதே. அதுக்காகத்தான் வாயைத் திறந்தேன். இல்லைன்னா சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்காக நீ ஒண்ணுமில்லாம நிக்கறதைப் பாக்க முடியலை. இந்தக் கெட்டிலைத் திரும்ப உள்ள வெக்கறேன்.

— வெக்காதே. அதைக் கீழ வை. ஹாஜி, எந்திரிக்காதீங்க. கையைத் திறங்க.

— எதுக்குடா? இனி எதுக்கு விக்கறே?

— முதல்லேருந்து ஓதுங்க, ஹாஜி. ஓதி முடிச்சதும் பணத்தை என்கிட்டக் குடுக்காதீங்க, இப்திசாம் கையில குடுங்க. அவ வாப்பா எழுத வெச்ச பின்மஹர் அது.