ஒன்பது மணிக்குத் திறக்கும் பக்கம்

நாத்தனார்: எங்கயாவது டாலர் குறி போட்டுட்டீங்களா அண்ணி?

அண்ணி: ஐயோ, எங்க?

நாத்தனார்: சும்மா கேட்டேன்.

அண்ணி: காலங்காத்தால பயமுறுத்தாதே. முன்பதிவுப் பக்கம் திறக்க இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு.

நாத்தனார்: நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க. டாக்டர் வர பத்து மணி ஆகும்... ஆமா, அந்தக் குறி மேல அப்படி என்ன ஆசை?

அண்ணி: பதினாலு வருஷமா பழைய கணினி மொழியில ஒவ்வொரு பேருக்கு முன்னாலயும் அதைப் போட்டே எழுதின கை இது. இந்தக் கோ மொழியில அது கிடையாதுன்னு மூளைக்குத் தெரியுது. விரலுக்குத்தான்... நேத்து மளிகைச் சீட்டுல உப்புக்கு முன்னால போட்டுட்டேன். உங்கண்ணன் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிட்டார்.

நாத்தனார்: நல்லா நீந்தத் தெரிஞ்ச வாத்து ஒண்ணு பறக்கக் கத்துக்கிச்சாம். ஆகாசத்துக்குப் போயும் பழக்கதோஷத்துல காலை அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம்.

அண்ணி: அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். விழுந்துச்சா?

நாத்தனார்: அதை ஒன்பது மணிக்குத்தான் சொல்ல முடியும்.

அண்ணி: உன் வாய் இருக்கே...

நாத்தனார்: பின்ன? போன மாசம் ஒரே நாற்காலிக்கு, ஒரே பத்து மணிக்கு ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ரெண்டு பேருக்கும் கடவாய்ப் பல் வலி. ரெண்டு பேர் கையிலயும் உங்க பக்கம் கொடுத்த முன்பதிவு. இந்த வரவேற்பு மேசையில உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கிட்டது நான்.

அண்ணி: அதுக்குத்தானே ஆறு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டுக் கத்துக்கிட்டேன். நாற்பது பேர் ஒண்ணா நுழைஞ்சா நான் எழுதின பழைய பக்கம் திணறும். புதுசு திணறாதுன்னு எங்க கம்பெனி மேலாளர்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். இன்னைக்கு நின்னா, பன்னிரண்டு பல் மருத்துவமனையோட வேலையும் எனக்கு. விழுந்தா...

நாத்தனார்: விழுந்தா?

அண்ணி: பழையபடி படம் மாத்துறதும் எழுத்துப்பிழை திருத்துறதும்தான்.

நாத்தனார்: அது ரொம்பக் கறாரான மொழியாமே?

அண்ணி: ஒரு பேரை வெச்சுட்டுப் பயன்படுத்தாம விட்டா, ஓடவே மாட்டேன்னு நிக்கும். உங்கம்மா மாதிரி. எடுத்து வெச்ச பாத்திரத்தைப் புழங்கித்தான் ஆகணும்.

நாத்தனார்: இருங்க, அம்மாகிட்ட சொல்றேன்.

அண்ணி: தாராளமா சொல்லு. அவங்ககிட்ட குப்பை கொட்டின பழக்கத்துலதான் இது சீக்கிரம் பிடிபட்டுச்சு.

நாத்தனார்: மணி ஒன்பது அண்ணி... திறந்துடுச்சு.

அண்ணி: நான் பார்க்கலை. நீயே சொல்லு.

நாத்தனார்: பதினொரு பேர் உள்ளே வந்துட்டாங்க... இருபத்தாறு... அடேங்கப்பா, முப்பத்தெட்டு...

அண்ணி: ஏன் நிறுத்திட்டே?

நாத்தனார்: நாற்பது.

அண்ணி: நிக்குதா?

நாத்தனார்: மூச்சு விடுங்க அண்ணி. நாற்பத்தேழு. அறுபத்திரண்டு.

அண்ணி: பத்து மணியைப் பாரு. அந்த நாற்காலியை.

நாத்தனார்: ரெண்டு பேர் ஒரே சமயத்துல கேட்டிருக்காங்க... ஒருத்தருக்குக் கிடைச்சுடுச்சு. இன்னொருத்தர்கிட்ட, ‘இந்த நேரம் இப்போதுதான் போயிற்று, பத்து இருபது சரிவருமா?’ன்னு கேட்டிருக்கு.

அண்ணி: அவங்க என்ன சொன்னாங்க?

நாத்தனார்: சரின்னுட்டாங்க. கேட்கிற விதத்துல கேட்டா யார்தான் சண்டைக்கு வருவாங்க? நூத்தி எண்பது... இருநூத்தி நாற்பது...

அண்ணி: கண்ணாடியைக் கொடு. நானே பார்க்கிறேன்.

நாத்தனார்: முந்நூறு. மாசம் முழுக்க நிறைஞ்சுபோச்சு அண்ணி. ஏழே நிமிஷம். ஒரு இடத்துலயும் ரெண்டு பேர் இல்லை.

அண்ணி: மேலாளர் செய்தி அனுப்பியிருக்கார். ‘பன்னிரண்டும் உங்களுக்கே.’

நாத்தனார்: சொன்னேனா இல்லையா?

அண்ணி: நீ எங்கடி சொன்னே? வாத்தைத்தானே சொன்னே.

நாத்தனார்: ஒரு விஷயம்... கோவிச்சுக்கக் கூடாது. கொஞ்சம் திக்கினாலும் உடனே பழைய பக்கத்துக்கு மாத்திடுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நாற்பதுலேருந்து என் விரல் அதுக்கான பொத்தான் மேலதான் இருந்துச்சு.

அண்ணி: இப்ப அழுத்திப் பாரு.

நாத்தனார்: வேண்டாம் அண்ணி...

அண்ணி: அழுத்து, சொல்றேன்.

நாத்தனார்: என்னது... இதே புதுப் பக்கம்தானே திரும்ப வருது?

அண்ணி: பழசை நேத்து சாயங்காலமே எடுத்துட்டேன். அது இருந்திருந்தா, நாற்பதுல முதல்ல அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கப் போறது உன் விரல் இல்லை, என்னோடதுதான்.