சரியான முகவரியை உள்ளிடவும்

மின்னஞ்சல் முகவரி சரியா தவறா என்று பார்ப்பது சுலபமான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அப்படியல்ல. புள்ளி எங்கே வரலாம், அட் குறிக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்று பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். கட்டத்துக்குக் கீழே சிவப்பில் 'சரியான முகவரியை உள்ளிடவும்' என்று வருமே, அதற்கு உங்களிடம் திட்டு வாங்குவது எங்களைப் போன்றவர்கள்தான்.

கணவன் வீட்டில் இருக்க முடியாத பெண்களுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. அதன் இணையதளத்தை எங்கள் அலுவலகம் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறது, பொறுப்பு என்னுடையது. விண்ணப்பம் வந்தால் மின்னஞ்சலில் பதில் போட்டு, வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்கள். ஒரு திங்கட்கிழமை வந்த விண்ணப்பம் என் தங்கையுடையது.

அவள் கணவன் என் நண்பன். நான் பார்த்து முடித்துவைத்த கல்யாணம். கொஞ்சம் முன்கோபி, ஒத்துக்கொள்கிறேன். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரையே விட்டுவிடுவாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விண்ணப்பத்தை அழித்தேன். மறுபடி வரக் கூடாதே என்று, சரிபார்க்கும் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அவள் மின்னஞ்சல் முகவரியை அடித்தால் மட்டும் தவறு என்று வரும்.

என் வேலையைச் சரிபார்க்கும் பெண் கேட்டாள், "என்னங்க இது, ஒரே ஒரு ஆளுக்குத் தனி வரி?"

"போலியா நிறைய அனுப்புறாங்க. தொல்லை தாங்கல."

"அப்ப சரி" என்று விட்டுவிட்டாள். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அடுப்படியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, ஒரு ஃபார்ம்ல என் மெயில் ஐடி தப்புன்னே வருது. சரியாத்தான் அடிக்கிறேன்."

"என்ன ஃபார்ம்?"

"சும்மா, ஒரு வேலைக்கு. இந்த ஐடி ஒண்ணுதான் அவருக்குத் தெரியாது. புதுசா திறக்கலாம்னா போனுக்கு நம்பர் வரும். போன் அவர்கிட்ட இருக்கு."

"எங்கயாவது ஸ்பேஸ் விழுந்திருக்கும். பொறுமையா அடிச்சுப் பாரு."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். தலைவலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பேருந்து நிறுத்தம் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

மூன்றாவது வாரம் அவன் அவளைப் படியிலிருந்து தள்ளினான். வழுக்கி விழுந்தாள் என்றுதான் முதலில் சொன்னான், நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்து போய்விட்டாள். அழுதேன், மேடம். இன்னும் அழுகிறேன்.

நிராகரித்த விண்ணப்பங்களையும் நிரல் பதிந்து வைக்கும். அடக்கம் முடிந்த மறுநாள், அந்த வரியை எடுத்துவிட்டுப் பதிவைத் திறந்தேன். பதினெட்டு முறை. எல்லாம் அவள் அலுவலக மதிய இடைவேளையில். காரணம் என்ற கட்டத்தில் முதலில் நிறைய எழுதியிருந்தாள். போகப் போகச் சுருங்கி, கடைசியில் 'முகவரி சரியாத்தான் இருக்கு, யாராவது பாருங்க' என்று மட்டும் இருந்தது. பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். இப்போதும் மணி ஒன்றானால் கை தானாக அந்தப் பதிவைத் திறக்கிறது. பத்தொன்பதாவது வந்திருக்குமோ என்று தேடுகிறேன்.

விண்ணப்பத்தில் இன்னொரு கட்டம் உண்டு: நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரின் பெயரும் எண்ணும். பதினெட்டு முறையும் என்னைத்தான் போட்டிருந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் அவளைக் கைவிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.