கரையோர அண்ணன் போட்ட கடைசிக் கோடு

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் அலுவலகத் தோழர்களே,

வணக்கம். எண்ணெய் வாங்கும் பிரிவில் பில் அடுக்குகிறவன் நான். என்னிடம் மைக்கைக் கொடுத்தது உங்கள் துணிச்சல். வீட்டில் நான் பேச ஆரம்பித்தாலே பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

நம் கப்பல்களுக்கு வழி வகுத்த பெருந்தகை, நம் கரையோர அண்ணன். ஏன் அந்தப் பெயர்? கரையை ஒட்டிய கடலில் கந்தகம் குறைந்த எண்ணெயைத்தான் எரிக்க வேண்டும் என்பது சட்டம். விலை கூடுதல். எல்லைக்கு வெளியே சுற்றிப் போனால் மலிவு எண்ணெயே போதும் என்று எங்கள் பிரிவு குதிக்கும். முதலில் குதிக்கிறவன் நான்தான். அண்ணன் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "ஏன்டா, சுத்துற தூரத்துக்கு எண்ணெய் யார் ஊத்துவா, உன் மாமனாரா? புகையும் சேர்ந்துல்ல போகுது?" கேட்டுவிட்டு, வரைபடத்தில் கரையோரமாகவே கோடு போடுவார்.

யார் அதட்டினாலும் போட்ட கோட்டை மாற்றாதவர். யார் கெஞ்சினாலும் கோட்டை மாற்றாதவர்.

போன வாரம் கிளம்பிய கப்பலுக்கும் இதே சண்டை. வெளிக்கடலில் புயல் சின்னம் தெரிந்தும், செலவு மிச்சம் என்று இந்தத் தடவை கணக்குப் பிரிவு சுற்று வழியைக் கேட்டது. அண்ணன் கரையோரமாகவே கோடு போட்டு அனுப்பினார். அந்தக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் என் மகள். மறுநாள் காலை அண்ணனுக்கு நெஞ்சுவலி. அண்ணன் போய்விட்டார்.

நான் எதற்கு அழுதேன் தெரியுமா? பாதி அவருக்காக. மீதி, அவர் இல்லாத நேரத்தில் யாராவது கப்பலை வெளிக்கடலுக்குத் திருப்பிவிடுவார்களோ என்ற பயத்தில். முதலாளி அறை வாசலில் போய் நின்றேன். அவரே நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா நிக்கிற? அவர் போட்ட வழியை நான் தொடமாட்டேன், போ." ஐயா, நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் ஓடிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இன்று காலை மகள் போன் செய்தாள். "அப்பா, வந்து சேர்ந்துட்டோம். வெளிய போன கப்பலெல்லாம் இன்னும் ஆடிட்டு இருக்காம். எங்களுக்கு டீகூடச் சிந்தல. கரையோர மாமாகிட்ட சொல்லிடுங்க." எஞ்சின் அறையில் வேலையாக இருக்கிறவளுக்குத் துக்கச் செய்தி வேண்டாம் என்று மறைத்திருந்தோம். "சொல்றேம்மா" என்றேன்.

தோழர்களே, அடுத்த கப்பலுக்கும் முழுத் தூரத்தின் எண்ணெயையும் புகையையும் காற்றையும் பார்த்த பிறகே விலையைப் பேசுவோம். எங்கள் பிரிவு சார்பில் இது வாக்கு.

அண்ணே, பாப்பா பத்திரமா வந்துட்டா.