புடவைகள் தடுத்த காற்று

கோமளம்: இன்னுமா தண்ணி விட்டுண்டிருக்கேள்? கிணத்துல வாளி தரை தட்டறது, ஏன்னா.

சேஷகிரி: காலம்பற விட்டதுடி. மண்ணைத் தொட்டுப் பாரு... மாவா உதிர்றது. டேலியா மொட்டெல்லாம் தலை தொங்கிடுத்து. லால்பாக் பூக்காட்சிக்கு எதைக் கொண்டுபோய் வைக்கறது?

கோமளம்: சமையலறைச் சுவரோரம் மட்டும் ஈரமா இருக்கே?

சேஷகிரி: அங்கே காத்து இல்லை. இங்கே ஆடிக் காத்து மண்ணை நேரா உறிஞ்சறது. பக்கத்துக் காலி மனையில சலவைக்காரி தனக்கோடி துணி உலர்த்தினவரைக்கும்...

கோமளம்: ம்... சொல்லுங்கோ, சொல்லுங்கோ.

சேஷகிரி: அந்தப் புடவையெல்லாம்தான் காத்தைத் தடுத்துண்டிருந்தது. போதுமா?

கோமளம்: மூங்கில் தட்டி கட்டினேளே, பெரிய இன்ஜினியராட்டம்!

சேஷகிரி: சிரிக்காதே. காத்து அதைத் தாண்டிக் குதிச்சு செடியைப் படுக்க வச்சுடுத்து. துணின்னா கொஞ்சம் விடும், கொஞ்சம் தடுக்கும்... தனக்கோடியைப் பார்த்தியா?

கோமளம்: பார்த்துட்டுத்தான் வரேன். ஜீவனஹள்ளியில, சாக்கடையோரம் உலர்த்தறா. தூசி அப்பி, தோய்ச்சதையே திரும்பத் தோய்க்கறா. கூப்பிட்டா வரேங்கறா.

சேஷகிரி: அப்புறம் என்ன? வரச் சொல்லேன்!

கோமளம்: அந்த மனை கோவிந்தப்பாவோடதாச்சே. அவன்தானே காலி பண்ணச் சொன்னான்? அவன்கிட்ட நீங்க பேசணுமாம். ‘திவான் ஆபீஸ்ல இருந்தவரு, ஐயா ஒரு வார்த்தை சொன்னா போதும்மா’ன்னா.

சேஷகிரி: நானா...

கோமளம்: உங்க பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டா. திவான் பதவியே போயாச்சு, உங்க மதிப்பு போகலை.

சேஷகிரி: போதும்டி, அதைச் சொல்லாதே.

கோமளம்: ஏன், செம்பைக் கீழே வச்சுட்டேள்?

சேஷகிரி: கோமளம்... அவளைக் காலி பண்ண வச்சதே நான்தான்.

கோமளம்: ம்.

சேஷகிரி: நம்ம ரமாவைப் பொண் பார்க்க வரப்போறா, வாசல்ல ஊரார் வேட்டி ஆடறதேன்னு... கோவிந்தப்பாகிட்ட போய்ச் சொன்னேன். இப்போ பூவுக்காக அவளையே கூப்பிடறேன். வெக்கமா இருக்குடி.

கோமளம்: தெரியும்.

சேஷகிரி: தெரியுமா! அவளுக்கும்...?

கோமளம்: தெரியாது. அவ எதிராத்து பிரிஜெட் பண்ணின வேலைன்னு நினைச்சுண்டிருக்கா. நடுத்தெருவுல சண்டை போட்டுட்டா. அந்தாத்துத் துணியைத் தொடறதே இல்லை.

சேஷகிரி: பிரிஜெட்டா? அந்தப் பாவம் என்ன பண்ணித்து! எவடி அப்படி வாய் கூசாம சொன்னது?

கோமளம்: ...நான்தான்னா. உங்க பேர் வெளியில வரக் கூடாதேன்னு.