பாதிச் சிப்பி

சிப்பிப் பின்னல் அப்படியொன்றும் கஷ்டமானதில்லை. ஒரே துளையில் ஐந்து கண்ணிகளை விசிறிபோல விரித்துப் போட வேண்டும். இரண்டு துளை தள்ளி ஒரு முடிப்பு, மறுபடி இரண்டு துளை தள்ளி ஐந்து. கொக்கி ஊசியைப் பென்சில்போலப் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எனக்குப் பதினோரு நாள் ஆனது, அதுவும் ஒளிந்து ஒளிந்து கற்றதால்.

நேற்று நீ தொலைபேசியில் கேட்டாய். "அப்பா, அந்தப் போர்வையை யாரு முடிச்சது? உண்மையைச் சொல்லுங்க." குழந்தை அழுகிறது, போய்ப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அம்மாவிடமே கேட்டுவிடுவேன் என்று பிறகு செய்தி அனுப்பியிருந்தாய். அதனால் எழுதுகிறேன். பேச்சில் நான் தடுமாறுவேன், எழுத்தில் மாட்டேன். முப்பத்து நான்கு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன்.

உனக்கு நான்காம் மாதம் நடக்கும்போது உன் அம்மா இளமஞ்சள் நூலில் ஆறு கண்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினாள். "குழந்தைக்கு ஒரு போர்வை. சிப்பி டிசைன். எனக்கு இன்னும் தெரியாது, வீடியோ பார்த்துக் கத்துக்கப்போறேன். ஒன்றரை மாசத்துல முடிச்சிடுவேன். முடிச்சு எடுத்துக்கிட்டுதான் கிளம்பறது" என்றாள். கிளம்புவது என்றால் உன் வீட்டுக்கு. திரும்புவது குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகு. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன், பதினைந்து மாதம் வந்தது. இன்னொரு தடவை கூட்டினேன். அப்போதும் பதினைந்துதான்.

நீ என்னையும் கூப்பிட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. "அம்மா, நீ வந்துடு. அப்பாவும் வேணும்னா வரட்டும்." அந்த 'வேணும்னா' என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் அடித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பேன். என் கட்டிலில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று சொல்லிவிட்டேன். "அதானே பார்த்தேன்" என்றாள் உன் அம்மா. ஒரு தடவையாவது 'நீங்களும் வாங்க' என்று வற்புறுத்துவாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அவள் சிப்பி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசைக்குப் பதினைந்து சிப்பி. அவள் எண்ணும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. யாரும் என்றால் நான். பேசினால் ஊசி பிடிக்காத கையில் ஒரு விரல் உயரும். என் கண்ணாடி எங்கே என்று கேட்டால் "ஏழு" என்பாள். கேஸை மூடினாயா என்றால் "பதினொண்ணு". ஒரு நாள் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். விரல் உயர்ந்தது. வரிசையை முடித்துவிட்டு "என்னமோ சொன்னீங்களே" என்றாள். ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்றேன். உண்மையிலேயே சரியாகிவிட்டிருந்தது, அதனால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எனக்குச் சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். பிரச்சினை அதுவல்ல. எனக்குப் பயமாக இருந்தது. பதினைந்து மாதம் இந்த மூன்று அறைகளுக்குள் யாரும் 'என்னங்க' என்று கூப்பிடமாட்டார்கள். இதை அவளிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்வதைவிடப் பின்னக் கற்றுக்கொள்வது சுலபமாக இருந்தது.

தினமும் மாலை நாலரைக்கு உன் அம்மா மாடிவீட்டு டீச்சரோடு நடக்கப் போய் ஆறு மணிக்குத் திரும்புவாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் வகுப்பு. அவள் பார்க்கிற அதே வீடியோவைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, பார்சல் கட்டுகிற சணலில் பழகினேன். முதல் சிப்பி கசங்கிய காதுபோல வந்தது. ஏழாம் நாள் சிப்பி என்று சொல்லக்கூடியதாக வந்தது. அவளுக்குக் கை இறுக்கம், எனக்குத் தளர்வு. அதனால் அவள் ஊசியைவிட ஓர் அளவு சின்னதாக ஒன்று வாங்கி, போடாத ஷூவுக்குள் ஒளித்து வைத்தேன். அதைக் கொண்டு போட்டால் என் கண்ணியும் அவள் கண்ணியும் ஒரே அச்சு.

இனி முறையைச் சொல்கிறேன். சிப்பிப் பின்னலில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை, ஓரத்தில் பாதிச் சிப்பியோடு முடியும். ஐந்துக்குப் பதில் மூன்று கண்ணி, பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அதை விட்டுவிட்டால் அடுத்த வரிசையில் பதினைந்து பதினான்காகிவிடும், போர்வையின் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. வீடியோவில் சொல்லித்தருகிற அம்மாளே இரண்டு தடவை எச்சரிக்கிறாள். புரூஃப் பார்த்தவனுக்கு அவள் எச்சரிக்கவே வேண்டியதில்லை. கண் வரியின் நடுவில்தான் விழித்திருக்கும், வரி முடிகிற இடத்தில் அசந்துவிடும். முப்பத்து நான்கு வருஷம் நான் பிழை பிடித்ததெல்லாம் ஓரங்களில்தான்.

ஆக, மூன்று வரிசையைப் பிரிப்பேன். திரும்பப் போடுவேன். ஒரே ஓர் இடத்தில் பாதிச் சிப்பியை விடுவேன். மேல் வரிசையில் விட்டால் மறுநாளே தெரிந்துவிடும், அடியில் விட வேண்டும். அவள் இன்னும் நாலு வரிசை ஏற்றிய பிறகுதான் ஓரம் இழுப்பது கண்ணில் படும். அப்புறம் ஏழு வரிசையையும் அவளே பிரிப்பாள். வாரத்துக்கு இரண்டு தடவைதான் செய்தேன். பேராசை எனக்குக் கிடையாது.

ஒன்றரை மாதம் மூன்று மாதம் ஆனது. போர்வை ஒரு முழத்துக்கு மேல் ஏறவில்லை. "நான் எண்ணித்தாங்க போட்டேன். சத்தியமா பதினஞ்சு" என்பாள். "இருக்கும் இருக்கும்" என்பேன். கண்ணில் ஏதோ கோளாறு என்று அவளே முடிவு செய்து கண் டாக்டரிடம் போனாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் பின்னும்போது போட ஒரு கண்ணாடி எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். எழுதித் தரச் சொன்னேன். நல்ல ஃபிரேமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன், அவள் முகத்துக்கு எடுப்பாக இருந்தது.

கண்ணாடி வந்த பிறகும் ஓரம் இழுத்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துவைக்க ஆரம்பித்தாள். வரிசை எண், பக்கத்தில் சிப்பி எண். 'இருபத்திரண்டு: 15. இருபத்துமூன்று: 15.' இது எனக்குச் சற்றே சங்கடமாக இருந்தது, ஏனென்றால் நோட்டு சரி, போர்வை தப்பு என்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அவளுடைய ஐந்தை நான்காக மாற்ற ஒரு ரப்பரும் இரண்டு கோடும் போதும். அவள் நான்கு போடும்போது காலைக் கொஞ்சம் வளைப்பாள், நானும் வளைத்தேன். மறுநாள் அந்த நோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். "நானேதான் பதினாலுன்னு எழுதியிருக்கேன். எழுதிட்டு அப்படியே மேல போயிருக்கேன்" என்றாள்.

அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது. வெளியே வந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். "விடும்மா, வயசாகுதில்ல" என்று ஆறுதல் சொன்னேன். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

மாடிவீட்டு டீச்சர்தான் ஞாபகத்துக்கு ஒரு டாக்டர் இருக்கிறார் என்று சொன்னது. அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். உன் அம்மா இரண்டு வரை நிற்காமல் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன், எழுபத்தொன்பதிலேயே மாட்டிக்கொண்டேன். "ஒரு குறையும் இல்லைம்மா. வீட்டுல ஏதாவது கவலையா?" என்று கேட்டார். "கவலைப்பட என்ன இருக்கு, இவர் என்னை நல்லாத்தான் பார்த்துக்கறார்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

உனக்கு எட்டாம் மாதம் பிறந்தபோது அவள் போர்வையை ஒரு பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இனி வேலை முடிந்தது, கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். போர்வை இல்லாமலே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அந்தக் கவலைக்கும் இடமில்லாமல் போனது. "நான் போகலைங்க. பதினஞ்சு எண்ணத் தெரியாதவ பச்சைக் குழந்தைக்கு எத்தனை சொட்டு மருந்துன்னு எப்படி எண்ணுவேன்? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?" என்றாள். உன்னிடம் முட்டிவலி என்று சொல்லிவிட்டாள். அவள் முட்டி இரும்புபோல இருக்கிறது.

நீ பிரசவ அறையில் இருந்த அன்று அவள் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்திலேயே இருந்தேன். என் கையை விடவே இல்லை. அந்த ஒன்பது மணி நேரமும் அவள் ஒன்றையும் எண்ணவில்லை, நான் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பினாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போர்வையை நான் முடித்தது அதற்கு அடுத்த மாதம். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்ளாதே. மேல்தட்டில் பாதியில் கிடக்கிற ஒன்று எனக்கு உறுத்தல். பிழையோடு ஒன்று நம் கையைவிட்டுப் போகக் கூடாது, குறையோடு ஒன்று கிடக்கவும் கூடாது. நாலரையிலிருந்து ஆறுவரை உட்கார்ந்து, நான் வைத்த பிழையெல்லாம் எடுத்து, அறுபது வரிசை போட்டேன். பிழை எதையும் ஒளிக்க வேண்டியது இல்லாததால் சின்ன ஊசியைத் தேடவில்லை, அவளுடையதையே எடுத்துக்கொண்டேன். அங்கேதான் என் கை தளர்ந்திருக்கிறது. நீ கண்டுபிடித்தது அதைத்தான். என் மகள்தான் நீ.

தபாலில் உனக்கு அனுப்பினேன். நீ குழந்தையை அதில் சுற்றிப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாய். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இதை நான் முடிக்கவே இல்லையே."

"முடிச்சியே. போன மாசம். நான்தானே தபால்ல போட்டேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"அதனால என்ன? அழகா இருக்கு பாரு" என்றேன்.

அழகாகத்தான் இருந்தது.

அவள் இடிந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு நாள் முழுக்க அந்தப் படத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தாள், அதுவரை சரி. மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "ஞாபகம் இல்லாமலே இவ்வளவு சரியா முடிச்சிருக்கேன்னா, கை மறக்கலைன்னுதானே அர்த்தம்? கை மறக்கலைன்னா எனக்கு ஒண்ணுமில்லை" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. மத்தியானமே மிச்ச நூலை எடுத்துக் குழந்தைக்குத் தொப்பி ஆரம்பித்துவிட்டாள். "நாலு நாள் வேலை. முடிச்சதும் கிளம்பறேன், நீ டிக்கெட் போடு" என்று உனக்குச் செய்தி அனுப்பியிருப்பாளே, வந்திருக்கும். அதற்குத்தான் நேற்று நீ கூப்பிட்டாய், பேச்சோடு பேச்சாகப் போர்வையையும் இழுத்தாய்.

இவ்வளவுதான் நடந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சாப்பாட்டில் நான் எதையும் கலக்கவில்லை, கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. சில நூறு கண்ணிகள்தான். அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம், சமயம் பார்த்து நானே சொல்கிறேன். தொப்பி முடியட்டும், அவள் கிளம்பட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்று உனக்கு எழுத்திலேயே தருகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இன்று நாலரைக்கு அவள் நடக்கப் போனதும் தொப்பியைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. தொப்பி நடு உச்சியில் தொடங்கி வட்டம் வட்டமாக இறங்குகிறது, அதற்கு ஓரமே கிடையாது. பாதிச் சிப்பிக்கு அங்கே வேலையில்லை. வட்டம் எங்கே தொடங்கியது என்பதற்கு அடையாளமாக ஒரு ஊக்கு மாட்டி வைத்திருக்கிறாள், அதை வைத்துத்தான் எண்ணுகிறாள். ஊக்கு ஒரு கண்ணி தள்ளிப் போனால் அவளுக்குத் தெரியாது. வீடியோவையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். வட்டப் பின்னலும் அப்படியொன்றும் கஷ்டமானதில்லை.